மதீராவில் அரை நாள் ஜீப், அப்புறம் ஒயின்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜூன் பள்ளி விடுமுறைக்குப் போர்ச்சுகல் போகிற நம்மவர்களில் பலர் இந்த முறை மதீரா தீவையும் சேர்த்திருக்கிறீர்கள். "அரை நாள் ஜீப் பயணம், மலைக்காட்சிகள், கடைசியில் ஒயின் சுவைப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். சிங்கப்பூரிலிருந்து குழுக்களை அங்கே கூட்டிப்போகிற வேலையில் இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தெம்பனிஸிலிருந்து: அக்கா, நாலு மணி நேரத்தில் ஒரு தீவையே சுற்றிக் காட்டிவிடுவார்களா? காசு வீணா?

முடியாது. முழுத் தீவையும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் சுரங்கப்பாதைகளைத்தான். பரப்பளவில் மதீரா ஏறக்குறைய நம் சிங்கப்பூர் அளவுதான். அதைப் பார்த்துத்தான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். நம் புக்கித் தீமா குன்று 163 மீட்டர். அங்கே பிக்கோ ருய்வோ சிகரம் 1,862 மீட்டர். வரைபடத்தில் விரல் நீளம் தெரிகிற தூரத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் முக்கால் மணி நேரம் ஆகும்.

அதனால் அரை நாள் பயணங்கள் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிழக்கே போனால் பிக்கோ டோ அரியெய்ரோ, 1,818 மீட்டர். மேகத்துக்கு மேலே நிற்கிற அனுபவம் வேண்டுமென்றால் அதுதான். மேற்கே போனால் கமரா டி லோபோஸ் மீனவர் ஊர், கபோ ஜிராவ் செங்குத்துப் பாறை, அதற்கு மேலே எஸ்ட்ரெய்டோ பகுதியின் திராட்சைத் தோட்டங்கள், அப்புறம் மண்பாதையில் ஏறி குரால் டாஸ் ஃபிரெய்ராஸ் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கிற ஒரு முகடு. 1566-இல் கடற்கொள்ளையர் தீவின் தலைநகரான ஃபுன்ஷாலைத் தாக்கியபோது கன்னியாஸ்திரீகள் ஓடி ஒளிந்த பள்ளத்தாக்கு அது. மேலிருந்து பார்த்தால் ஏன் அங்கே ஓடினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒயினும் சேர்ந்த பயணம் என்றால் என் ஓட்டு மேற்குக்கே. கடலோரத்தில் வாழை, கொஞ்சம் ஏறினால் திராட்சை, இன்னும் ஏறினால் யூகலிப்டஸ் காடு என்று உயரம் மாற மாறப் பயிரும் மாறுவதை ஜீப்பிலிருந்தே பார்க்கலாம். படிக்கட்டு வயல்கள் ஒவ்வொன்றும் நம் வீட்டு வரவேற்பறை அளவுதான் இருக்கும். கொடியை இடுப்பளவு, தலையளவுப் பந்தலில் படரவிட்டிருப்பார்கள். இயந்திரம் உள்ளே போகாது, குனிந்து நின்று கையால்தான் பறிக்க வேண்டும். இதைப் பார்த்த பிறகு குடிக்கிற கோப்பைக்கு வேறு மதிப்பு.

கமரா டி லோபோஸில் வின்ஸ்டன் சர்ச்சில் 1950 ஜனவரியில் உட்கார்ந்து ஓவியம் தீட்டினார் என்று எல்லா ஓட்டுநரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அரை மணி நேரம் நிறுத்தினால் மேலே நேரம் போதாது. பத்து நிமிடம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: அம்மாவுக்கு 72 வயது, முட்டிவலி. ஜீப்பில் ஏற முடியுமா?

பெரும்பாலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி வண்டிகள்தான். பின்பக்கம் எதிரெதிராக நீள இருக்கை, ஏறுவதற்கு இரும்புப் படி, அதுவும் உயரம். அம்மாவுக்குப் பின்னிருக்கை வேண்டவே வேண்டாம். முன்னிருக்கையை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்று காலை கேட்டால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், எழுப்பவும் மனம் வராது. முதுகுத்தண்டில் பிரச்சினை இருந்தால் "மண்பாதையை விட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். தனி ஜீப்பாக எடுத்தால் கேட்பார்கள். ஆறு பேர் குடும்பம் என்றால் தனி ஜீப்புக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, விசாரித்துப் பாருங்கள்.

கர்ப்பிணிகள் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதே இடங்களுக்குச் சாதாரண வேனிலும் போகலாம்.

ஈசூனிலிருந்து: எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. அப்போது இந்தப் பயணம் எங்களுக்கு எதற்கு?

ஜீப்பும் மலையும் நாலில் மூன்று பங்கு, ஒயின் ஒரு பங்குதான். ஒயின் நிறுத்தத்தை எடுத்துவிட்டு இன்னொரு வியூ பாயிண்ட் கேட்கலாம். உள்ளே போனாலும் பீப்பாய்க் கிடங்கைப் பார்ப்பதில் தவறில்லை என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு, அது அவரவர் விருப்பம். குடிக்க பிரிசா என்ற உள்ளூர் பேஷன்ஃபுரூட் சோடா கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வழியில் மலைக்கடையில் நிறுத்தி "போன்ச்சா, எங்கள் ஊர் எலுமிச்சை பானம்" என்று நீட்டுவார்கள். எலுமிச்சை, தேன் எல்லாம் சரி, அடியில் இருப்பது கரும்புச் சாராயம். நம் மத்து போலவே தலையில் வெட்டு போட்ட மரக்குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கடைவார்கள். பார்க்க அழகு. தேன் வாசனையில் சாராயம் தெரியாது, அதனால் பிள்ளைகள் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடிப்பவர்களும் ஒன்றோடு நிறுத்துங்கள், இன்னும் வளைவுகள் இருக்கின்றன.

பிடோக்கிலிருந்து: மதீரா ஒயின் என்றால் சமையலுக்கு ஊற்றுவது என்று கேள்விப்பட்டேன். சுவைக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மற்ற ஒயினை வெயிலும் காற்றும் கெடுக்கும். மதீரா ஒயினை அந்த இரண்டும்தான் உருவாக்குகின்றன. அந்தக் காலத்தில் கப்பலில் கெடாமல் இருக்கத் திராட்சைச் சாராயம் கலந்து ஏற்றினார்கள். வெப்ப மண்டலத்தைக் கடந்து, விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்களைத் திறந்து பார்த்தால் சுவை கூடியிருந்தது. அப்புறம் அதற்கென்றே பீப்பாய்களைக் கடல்சுற்றுக்கு அனுப்பினார்கள். இந்தியாவுக்குப் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் மதீராவில் நின்று ஒயின் ஏற்றிக்கொண்டுதான் போயின.

இப்போது கப்பல் வேண்டாம், சூட்டைக் கிடங்கிலேயே கொடுக்கிறார்கள். அதில் இரண்டு வழி. விலை மலிந்ததை 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் தொட்டியில் குறைந்தது மூன்று மாதம் வைப்பார்கள். நல்லதை மரப்பீப்பாயில் ஊற்றி, வெயில் ஏறும் மேல்மாடியில் வருடக்கணக்கில் தானாகச் சூடேற விடுவார்கள். இந்த இரண்டாவது வழிக்குக் கான்டெய்ரோ என்று பெயர். அந்த மாடிக்குள் நுழைந்ததும் உலர்திராட்சையும் பழைய மரமும் கலந்த வாசனை அடிக்கும்.

திராட்சை வகையை வைத்து இனிப்பு மாறும். செர்சியல் இனிப்பு மிகக் குறைந்தது, வெர்தேலோ கொஞ்சம், புவால் இன்னும் கொஞ்சம், மால்வசியா நல்ல இனிப்பு. இந்த வரிசையிலேயே குடியுங்கள். மால்வசியாவை முதலில் குடித்துவிட்டால் செர்சியல் புளித்தண்ணீராகத்தான் தெரியும். எது இனிப்பானாலும் அடியில் ஒரு புளிப்பு நிற்கும், அதனால் திகட்டாது.

விளம்பரத்தில் "ஒயின் சுவைப்பு" என்று இருப்பது பல இடங்களில் டின்டா நெக்ரா திராட்சையில் செய்த மூன்று வருட ஒயின், சின்னக் கோப்பையில் இரண்டு வாய். உற்பத்தியில் பெரும்பங்கு அந்த வகைதான், மோசமில்லை. ஆனால் அதை மட்டும் குடித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்பாதீர்கள். கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்துப் பத்து வருட வெர்தேலோவோ புவாலோ ஒரு கோப்பை கேளுங்கள். சமையலுக்கு ஊற்றுகிறார்கள் என்ற பேச்சை மறந்துவிடுவீர்கள். ஒரு வயிற்றுக் கணக்கும் உண்டு. இதில் ஆல்கஹால் 17 முதல் 22 சதவீதம், சாதாரண ஒயினைவிட அதிகம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

செங்காங்கிலிருந்து: இரண்டு போத்தல் வாங்கிவந்தால் சாங்கியில் வரி கட்ட வேண்டுமா? நம் வீட்டு வெக்கையில் கெட்டுப்போகாதா?

18 வயது ஆகியிருந்து, 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்து, மலேசியா வழியாக வராமல் இருந்தால், ஆளுக்கு 2 லிட்டர் ஒயின் வரை தீர்வை இல்லை. முக்கால் லிட்டர் போத்தல் இரண்டு தாராளமாக அடங்கும். பீர் அல்லது சாராயம் சேர்த்து வாங்கினால் ஒயின் பங்கு 1 லிட்டராகக் குறையும். சலுகையைத் தாண்டினால் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் சொல்லிக் கட்டிவிடுங்கள். தீர்வை ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. அந்தக் கணக்கில் 19 சதவீத ஒயின் ஒரு முழுப் போத்தலுக்கு ஏறக்குறைய 12 வெள்ளி 50 காசு, அதற்கு மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. மறைத்து மாட்டிக்கொள்வதைவிட இது மலிவு. போத்தலைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள்.

கெட்டுப்போவதா? ஏற்கனவே சூட்டில் வெந்த ஒயின் அது. நம் புளோக்கின் பிற்பகல் வெக்கை அதை ஒன்றும் செய்யாது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். படுக்கவைக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள், இதன் புளிப்பு கார்க்கை அரித்துவிடும்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: எனக்குச் சிங்கப்பூர் கடப்பிதழ், மனைவி நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். விசா வேண்டுமா?

உங்களுக்கு வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். மனைவிக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, கட்டாயம். நிரந்தரவாசி அட்டை அங்கே செல்லாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். விசா வந்த பிறகு ஜீப்புக்குப் பணம் கட்டுங்கள்.

பொங்கோலிலிருந்து: ஜீப் எதற்கு, நானே கார் எடுத்து ஓட்டினால் என்ன?

ஓட்டலாம் தம்பி. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நெடுஞ்சாலை நன்றாகவே இருக்கும். ஊருக்குள் இறங்கும் சந்துகள்தான் திணற வைக்கும், மேட்டில் நிறுத்தி எடுப்பது நம் ஊரில் பழக்கமே இல்லை. ஆனால் ஒயின் சுவைக்கிற அன்று காரைத் தொடாதீர்கள், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. முதல் நாள் ஜீப், அடுத்த நாள் கார் என்று வைத்தால் எந்தப் பக்கம் மறுபடி போகலாம் என்று ஜீப் ஓட்டுநரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

தோ பாயோவிலிருந்து: கண்ணாடித் தரையில் நிற்க எனக்குப் பயம். கட்டாயமா?

கபோ ஜிராவ் கண்ணாடி மேடையா? 580 மீட்டர் உயரம், காலுக்குக் கீழே கடலோரத்தில் குட்டிக் குட்டி வயல்கள். பக்கத்திலேயே சாதாரணத் தரை இருக்கிறது. அங்கே நின்று கணவரைப் படம் எடுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: என்ன உடுப்பு, காலையா மாலையா?

காலை. பகல் ஏற ஏற மேகம் மலை நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். முந்தின இரவு பார்க்கிற வானிலை முன்னறிவிப்பை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் ஃபுன்ஷால் கடற்கரைக்கானது. முகடுகளில் நேரலைக் கேமராக்கள் உண்டு, காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள். மேற்கே மூட்டமாக இருந்து கிழக்கு தெளிவாக இருந்தால் "திசையை மாற்ற முடியுமா" என்று ஓட்டுநரைக் கேளுங்கள். நல்ல ஓட்டுநர் நீங்கள் கேட்கும் முன்பே மாற்றியிருப்பார்.

கீழே சட்டையோடு திரியலாம், மேலே காற்றுத்தடுப்புச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது. கூரை திறந்த ஜீப்பில் எழுந்து நின்றால் தொப்பி பறக்கும். சேலை, துப்பட்டாக்காரர்கள் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் பற்றிக் கேட்டவர்களுக்கு: போலோ டோ காக்கோ என்ற சுட்ட ரொட்டியைப் பூண்டு வெண்ணெய் தடவித் தருவார்கள், வயிறு நிறையும். பொரித்த சோளக்களியும் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஊறுகாய் எடுத்துப்போங்கள்.

மரின் பரேட்டிலிருந்து: நாங்கள் உல்லாசக் கப்பலில் வருகிறோம், ஃபுன்ஷாலில் ஒரு பகல்தான் நிற்கும். சரிப்படுமா?

அரை நாள் பயணம் உங்களுக்காகவே செய்தது மாதிரி. கப்பல் புறப்படும் நேரத்தை முன்பதிவிலேயே எழுதி, காலை ஜீப்பைப் பிடியுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு இருக்கிற தலைவலி உங்களுக்கு இல்லை. அங்கே காற்று பலமாக அடித்தால் விமானம் இறங்காமல் வேறு ஊருக்குத் திருப்பப்படும். அவர்கள் ஜீப்பை வந்திறங்கும் நாளிலோ கிளம்பும் நாளிலோ வைக்கக் கூடாது. ஒயின் கிடங்குகள் சில ஃபுன்ஷால் ஊருக்குள்ளேயே இருப்பதால், கடைசி நிறுத்தத்தை அங்கே வைத்து அங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு நடந்தே வந்துவிடலாம்.