அர்ரே அந்தப் பக்கம் போனதும் உருமாறுவது ஏன்?

கேள்வி: பிஎச்பி சர்வீஸிலிருந்து ஆர்டர் பட்டியலை ஜேசனாக (JSON, தரவை எழுத்தாகப் பரிமாறும் வடிவம்) அனுப்புகிறேன். ஜாவா சர்வீஸ் சில நாள் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறது, சில நாள் பிழை காட்டுகிறது. நிரலில் நான் கை வைக்கவே இல்லை.

பதில்: நிரல் மாறவில்லை, தரவு மாறியிருக்கிறது. ரத்தான ஆர்டர்களை அர்ரே ஃபில்டர் (array_filter) வைத்து நீக்குகிறீர்களா? பிஎச்பியில் லிஸ்டுக்கும் (வரிசையாக அடுக்கிய பட்டியல்) மேப்புக்கும் (கீ என்ற அடையாளமும் அதற்குரிய மதிப்பும் கொண்ட ஜோடிகள்) ஒரே அர்ரேதான். வடிகட்டிய பிறகும் பழைய கீகள் 0, 2, 3 என்று அப்படியே நிற்கும். 0-இலிருந்து விடுபடாமல் வரிசையாக இருந்தால்தான் ஜேசன் என்கோட் (json_encode) சதுர அடைப்பு போட்டு லிஸ்ட் ஆக்கும். நடுவில் ஒன்று காணாமல் போனாலும் நெளி அடைப்பு போட்டு ஆப்ஜெக்ட் ஆக்கிவிடும். லிஸ்டுக்காகக் காத்திருக்கும் ஜாவா அதை ஏற்காது. கடைசி ஆர்டர் மட்டும் ரத்தான நாளில் வரிசை கலையாது, எல்லாம் சரியாக ஓடும்.

அனுப்பும் முன் அர்ரே வேல்யூஸ் (array_values) வழியாக ஒருமுறை விட்டு எடுங்கள், கீகள் மறுபடி 0-இலிருந்து வரிசையாகிவிடும். அப்புறம், காலி அர்ரே எப்போதும் சதுர அடைப்பாகவே போகும். அங்கே மேப் தேவை என்றால் ஆப்ஜெக்டாக மாற்றி அனுப்புங்கள். 'இரண்டு வடிவத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஜாவா குழுவிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். பிழை அனுப்பும் இடத்தில் இருக்கிறது, அங்கேயே திருத்த வேண்டும்.

கேள்வி: டாட் நெட் சோப் (SOAP, எக்ஸ்எம்எல் வடிவில் தரவு பரிமாறும் முறை) சர்வீஸை பிஎச்பியிலிருந்து அழைக்கிறேன். பல பொருட்கள் வந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றே ஒன்று வந்தால் லூப் பெயர், விலை என்று ஒவ்வொரு புலமாகச் சுற்றுகிறது.

பதில்: எக்ஸ்எம்எல்லில் 'இது அர்ரே' என்று சொல்லும் குறி தனியாக இல்லை. ஒரே டேக் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். அது ஒருமுறை மட்டும் வந்தால் பிஎச்பியின் சோப் கிளையன்ட் அதைத் தனி ஆப்ஜெக்டாகத் தந்துவிடும். கிளையன்டை உருவாக்கும்போது ஃபீச்சர்ஸ் பகுதியில் 'சோப் சிங்கிள் எலிமென்ட் அர்ரேஸ்' (SOAP_SINGLE_ELEMENT_ARRAYS) என்ற மாறிலியைக் கொடுங்கள். இனி ஒன்று வந்தாலும் அர்ரேயாகவே வரும். எந்தச் சர்வீஸையும் காலி, ஒன்று, பல என மூன்று நிலையிலும் சோதித்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்பேன்.

கேள்வி: டாட் நெட் டேட்டாசெட்டை (அட்டவணைகளை நினைவகத்தில் வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) அப்படியே ஜாவாவுக்குத் திருப்பி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். டேட்டாசெட்டின் உள்ளமைப்பு விஸ்டிலில் (WSDL, சர்வீஸின் விவரக் கோப்பு) வெளிப்படாது, ஜாவா கருவிகளால் அதற்குச் சரியான கிளாஸ் உருவாக்க முடியாது. சாதாரண கிளாஸின் அர்ரேயாக அனுப்புங்கள்.

கேள்வி: ஜாவா அனுப்பும் அர்ரேயில் 19 இலக்க ஐடிகள் இருக்கின்றன. பிரவுசரில் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன.

பதில்: ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் 9007199254740991 வரைதான் பிசகாமல் நிற்கும். ஐடியை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை, ஸ்ட்ரிங்காக அனுப்பிவிடுங்கள்.