தட்டை வரைபடமா, திண்ம மாதிரியா?

கேள்வி: உழவு இயந்திர உதிரிப்பாகங்களை ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் தட்டையாகவே வரைகிறேன். முப்பரிமாணத்துக்கு மாற வேண்டுமா?
– பட்டறை உரிமையாளர், கிளிநொச்சி

பதில்: லேத்தில் கடையும் தண்டு, புஷ் (தண்டைத் தாங்கும் உருளை வளையம்) போன்றவற்றுக்குத் தட்டை வரைபடமே போதும். ஆனால் கியர்ப்பெட்டி மூடி போன்றவற்றில் ஒரு போல்ட் துளையை நகர்த்தினால் முன், மேல், பக்கம் என மூன்று தோற்றங்களையும் தனித்தனியே திருத்த வேண்டியிருப்பதால், ஏதோவொன்று விடுபட்டுவிடுகிறது. கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கும் திண்ம மாதிரியிலோ அளவை ஓரிடத்தில் மாற்றியதும், அதிலிருந்து பெற்ற தோற்றங்கள் அனைத்தும் மாறுவதோடு, பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுவதையும் இரும்பை வெட்டுமுன்பே கண்டுகொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண மென்பொருளில் பழகத் தொடங்குங்கள். எனினும், வரைபடத் தாளைத் தயவுசெய்து கைவிடாதீர்கள்: எச்7 பொருத்தத்தில் (துளையின் அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு) 25 மில்லிமீற்றர்த் துளை 25.021 வரை மட்டுமே போகலாம் என்பதை, லேத்தில் நிற்பவர் அந்தத் தாளில்தான் பார்க்கிறார்.