செய்யாத தவறுக்குப் பழி விழும்போது கிறிஸ்தவன் வாய்மூடி இருக்க வேண்டுமா?

கேட்டிருப்பவரின் நிலை இதுதான்: அலுவலகத்தில் வேறொருவர் செய்த தவறு இவர் தலையில் விழுந்திருக்கிறது, சபையில் சொன்னால் "பொறுத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள், வீட்டிலோ, இப்படியே இருந்தால் எல்லாரும் உங்கள் தலையில் மிளகாய் அரைப்பார்கள் என்கிறார்கள். பதில் பேசாமல் பொறுத்துக்கொள்வதுதான் கிருபையா என்று கேட்கிறார். நான் போதகர் அல்லன், இறையியல் கல்லூரிப் பக்கம் போனவனும் அல்லன்; ஏறக்குறைய இதே இடத்தில் ஒருமுறை நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்டோரில் நான் வேலை பார்த்த காலத்தில், மார்ச் மாதக் கணக்கெடுப்பின்போது 6205 எண் பேரிங்கில் இருப்பு குறைந்தது. ஒவ்வொரு பொருளின் இருப்பையும் குறித்து வைக்கும் பின் கார்டில் 42 என்று இருந்தது. தட்டில் எண்ணிப் பார்த்தால் 30. மீதி 12 எங்கே போயின என்பது எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன் இரவு ஷிஃப்டில் இயந்திரங்கள் அடுத்தடுத்து நின்றுபோனபோது, பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன் டைம் ஆபீசிலிருந்த மாற்றுச் சாவியை வாங்கி ஸ்டோரைத் திறந்து எடுத்திருந்தார். மறுநாள் காலையில் என்னிடமே அதைச் சொல்லி, சாயங்காலத்துக்குள் இண்டென்ட், அதாவது பொருள் கேட்புச் சீட்டு, போட்டுத் தருகிறேன் என்றார். போடவில்லை. நானும் விடாமல் கேட்டு வாங்கவில்லை. அது என் தவறு. மேனேஜர் விசாரித்தபோது அவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு மெமோ வந்தது. பேரிங்குகளின் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்போவதாக அதில் எழுதியிருந்தது.

அன்றிரவு பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. பேரிங் விஷயம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மற்ற மூன்றும் அந்த ஃபோர்மேனின் பழைய கதைகள், கேண்டீன் பாக்கி, வெல்டிங் ராடு வெளியே போனதாக யாரோ சொன்னது, அவருடைய குடும்பத்தைப் பற்றி ஒரு வரி. எழுதும்போது சுகமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தபின், எங்கள் சபையில் ஓய்வு பெற்றிருந்த உபதேசியார் ஒருவரிடம் அந்தத் தாள்களைக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தின் பாதியிலேயே அவர் மடித்துக் கொடுத்துவிட்டார். "தம்பி, யோவான் பதினெட்டு வாசிச்சிருக்கியா? கன்னத்துல அறைஞ்சவன்கிட்ட கர்த்தர் என்ன சொன்னாருன்னு பாரு" என்றார். அவ்வளவுதான், பிரசங்கம் எதுவும் செய்யவில்லை.

பிரதான ஆசாரியன் முன்னிலையில் இயேசுவை விசாரிக்கும்போது, பக்கத்தில் நின்ற சேவகன் ஒருவன் அவரை அறைகிறான். மலைப்பிரசங்கத்தில் மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு என்று சொன்னவர் அவர். ஆனால் இங்கே அவர் கன்னத்தைத் திருப்பிக் காட்டியதாக எழுதப்படவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்கிறார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கேட்கிறார். குரலை உயர்த்தினார் என்றோ, அவனைச் சபித்தார் என்றோ சுவிசேஷம் சொல்லவில்லை.

அப்படியானால் மறு கன்னம் என்ன ஆயிற்று என்று எனக்கும் குழப்பம் வந்தது. பிறகு தெரிந்துகொண்டது இது: மத்தேயு குறிப்பாக "வலது கன்னம்" என்கிறார். எதிரில் நிற்பவனின் வலது கன்னத்தில் வலது கையால் அறைய வேண்டுமென்றால் புறங்கையால்தான் அறைய முடியும். யூதர்களின் மிஷ்னா சட்டத்தொகுப்பில் ஒருவனை அறைந்ததற்கு 200 சூஸ் (அந்நாளைய வெள்ளிக் காசு) அபராதம். புறங்கையால் அறைந்ததற்கு 400. இரண்டாவதில் வலியைவிட அவமானம் பெரிது என்பதால் தொகையும் இரட்டிப்பு. ஆகவே அந்த வசனம், அவமானத்துக்கு அவமானத்தால் கணக்குத் தீர்க்காதே என்று சொல்கிறது என்பதே என் புரிதல். உண்மையைச் சொல்லாதே என்று அதில் இல்லை.

சபைகளில் மௌனத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் இன்னொரு வசனம் பேதுருவின் முதல் நிருபத்தில் வருவது: "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." இதில் "பதில்வையாமலும்" என்பதைப் பதில் எதுவும் வைக்காமல் என்று புரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், பல வருடம் நானே அப்படித்தான் வாசித்தேன். அங்கே இருப்பது வைத்தல் அன்று, வைதல். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் திட்டுவதை இன்றும் "வையிறது" என்றுதான் சொல்வார்கள். திட்டியவரைத் திருப்பித் திட்டாமல் இருந்தார் என்பதே பேதுரு சொல்வது. என்னுடைய நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் பதில், மூன்று பக்கம் பதில்வைதல்.

பவுலைப் பாருங்கள். பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் அவரும் உடன் ஊழியர் சீலாவும் பாடினார்கள். பூமியதிர்ச்சியில் கதவுகள் திறந்தபோது தற்கொலை செய்துகொள்ளப்போன சிறைச்சாலைக்காரனைக் காப்பாற்றினார்கள். இந்த மட்டும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். விடிந்ததும் அதிகாரிகள் அவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடச் சொன்னபோது, ரோமக் குடிமக்களாகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் விடுவதா, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் மறுத்ததும் அப்போஸ்தலர் நடபடிகளின் அதே பதினாறாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ரோமக் குடிமகனை விசாரியாமல் அடிப்பது சட்டவிரோதம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை, கடிதம் கொடுப்பதற்கு முன் ஃபோர்மேனைத் தனியாகப் பார்த்தேன். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் முதலில் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. இதைச் செய்யத்தான் எனக்கு அதிகத் தைரியம் தேவைப்பட்டது. கிரைண்டிங் மெஷின் அருகே கைகளைத் துணிக்கழிவால் துடைத்துக்கொண்டே கேட்டவர், "தம்பி, எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸ். இதுல என்னய இழுக்காத" என்றார். அந்த நிமிடம் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. பயந்துபோன மனிதர். ஆனாலும் கடிதம் கொடுக்கத்தான் போகிறேன், அண்ணாச்சி, நடந்ததை மட்டும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை: தேதி, ஷிஃப்ட், பின் கார்டு எண், டைம் ஆபீஸ் சாவிப் பதிவேட்டைப் பார்க்குமாறு ஒரு வேண்டுகோள், இண்டென்டைக் கேட்டு வாங்காதது என் குறை என்று ஒரு வாக்கியம். நீங்களும் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் கொடுக்காத மெமோவைப் பின்னால் கோப்பில் பார்க்கிறவர், நீங்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். உங்கள் சாந்தகுணம் அவருக்குத் தெரியப்போவதில்லை.

விளைவு பெரிதாக ஒன்றுமில்லை. சாவிப் பதிவேட்டில் ஃபோர்மேனின் கையெழுத்து இருந்ததால் இரண்டாம் மாதம் பிடித்தம் நின்றது. முதல் மாதம் பிடித்த பணம் திரும்பவில்லை, மெமோவை ரத்து செய்யவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது, அந்த இரண்டு சொற்களையும் நம்மைப் போன்றவர்களுக்காகவே போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மன்னித்துவிட்டால் நியாயம் கேட்கும் உரிமை போய்விடுமா என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்சும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமொத்தேயுவும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொல்லி, பாரிபடாவில் கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்தில் 2004 வரை ஊழியம் செய்தார். வழக்கு தன் போக்கில் நடந்தது. 2003இல் முக்கியக் குற்றவாளிக்கு மரணதண்டனை, 2005இல் உயர்நீதிமன்றத்தில் அது ஆயுள்தண்டனையாகக் குறைந்தது, 2011இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு நீதிமன்றத்தின் கதவை மூடவில்லை, நீதிமன்றம் தண்டித்ததால் மன்னிப்பும் பொய்யாகவில்லை. அந்த அம்மையாரின் துயரத்தோடு 12 பேரிங்கை ஒப்பிடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மன்னிப்பும் நியாயமும் தனித்தனி என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

எனக்கு உண்மையான சோதனை வந்தது இரண்டு வருடம் கழித்து. ஓய்வு பெறும் நாளில் ஒவ்வொரு பிரிவிலும் நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோர் கையெழுத்து இல்லாமல் செட்டில்மென்ட் நகராது. ஃபோர்மேன் படிவத்தோடு கவுண்டருக்கு வந்தார். கருவிப் பதிவேட்டில் அவர் பெயரில் ஒரு மைக்ரோமீட்டர் நிலுவையில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், ரசீது இல்லை. "கருவி திரும்பவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும். விதிப்படி அது சரியாகவும் இருந்திருக்கும். பசியாயிருக்கிற சத்துருவுக்குப் போஜனங்கொடு, அப்படிச் செய்வதினால் அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய் என்ற வசனம் எனக்கு நினைவு வந்தது என்றால், கொஞ்சம் தழலைக் குவிக்கும் ஆசையோடுதான் வந்தது.

இன்னா செய்தாரை ஒறுத்தல் என்ற குறளுக்குப் பரிமேலழகர் உரையில் ஒரு நுட்பம் உண்டு. கடைசிச் சொல்லான "விடல்" என்பதற்கு, அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை இரண்டையும் மறத்தல் என்று பொருள் கொள்கிறார். முதலாவதை மறப்பது ஓரளவுக்குக் கைகூடுகிறது. இரண்டாவதை நான் மறந்திருந்தால் இந்தப் பதிலையே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஃபோர்மேனை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பழைய ஸ்கிராப் நோட்டுகளை எடுத்துத் தேடினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாடை தேய்ந்த மைக்ரோமீட்டர் ஒன்று, அவர் கையெழுத்தோடு, மூன்றாவது கட்டில் கிடைத்தது. பதிவேட்டில் நேர்செய்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "தம்பி, அந்த பேரிங்கு..." என்று ஆரம்பித்தார்.

"டைம் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கியாச்சா, அண்ணாச்சி? அவங்க நாலரைக்கெல்லாம் கிளம்பிருவாங்க" என்றேன்.