காலை நேரச் சமையல்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் காலை எட்டரைக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு பிள்ளைகள், நாலு பேருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். இரண்டு பர்னர் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, மிக்சி இருக்கின்றன. ஃபுட் பிராசஸர் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா? எட்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். – வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். கால் கிலோ பீன்ஸும் நாலு வெங்காயமும் அதில் ஒரு நிமிடத்தில் நறுங்கிவிடும், உண்மைதான். அப்புறம் கிண்ணம், பிளேடு, மூடி, காயைத் தள்ளும் கட்டை எல்லாவற்றையும் யார் கழுவுவது? மிச்சமான நேரம் சிங்க்கிலேயே போய்விடும். தினம் பதினைந்து பேருக்குச் சமைக்கும் வீடு என்றால் வாங்கச் சொல்வேன்.

உங்கள் வீட்டில் நேரம் போவது அடுப்புக்காகக் காத்திருப்பதில்தான். குக்கர் ஒன்றே ஒன்று. சாதம் இறங்கி ஆவி அடங்கினால்தான் பருப்பு ஏறும். அதனால் முதலில் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்குங்கள். அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கும் பொருந்துவதாக இருக்கட்டும். இருக்கிற ஐந்து லிட்டர் குக்கருக்கு அடுக்குப் பாத்திரங்களையும் சேர்த்து வாங்கினால், கீழே பருப்பு, மேலே அரிசி என்று ஒரே ஏற்றத்தில் முடிக்கலாம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் இரண்டும் ஒன்றாக வேகும். பிரஷர் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். பிரஷர் குக்கருக்குள் வெப்பநிலை ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். விசில் அடிக்க அடிக்க அது கூடப்போவதில்லை, கேஸ்தான் வீணாகும்.

அடுத்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அதுதான் உங்களுக்கு மூன்றாவது பர்னர். கடைக்குப் போகும் முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஒரு காந்தத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அடியில் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது.

பணம் மீந்தால் மிக்சிக்கு இன்னொரு சட்னி ஜார். தேங்காய் அரைத்த ஜாரைக் கழுவி முடித்துத்தான் மசாலா அரைக்க வேண்டும் என்ற தொல்லை அதோடு போகும். சாதனங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அரிசி களைந்து வைப்பதும் பாக்ஸ் கட்டுவதும் கணவரின் வேலையாக இருந்தால், அதுவே பெரிய மிச்சம்.

கேள்வி: மிக்சியில் மாவு அரைத்தால் இட்லி கல்லாக இருக்கிறது. கிரைண்டர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாரம் இரண்டு முறையாவது இட்லி, தோசை என்றால் வாங்குங்கள். மிக்சி பிளேடின் வேகத்தில் மாவு சூடாகும், உளுந்து பொங்காது. கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாமல் காற்றும் சேர்ந்து உளுந்து பந்தாக எழும். பக்கத்திலேயே நிற்க வேண்டியதும் இல்லை. அவ்வப்போது தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டால் போதும். நாலு பேருக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப் தாராளம். பெல்ட்டும் கல்லும் மாற்ற உங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அது இல்லாமல் விற்பதே தவறு. பில், பெட்டி, குக்கரின் அடிப்பாகம் மூன்றையும் படம் எடுத்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணமே கிடையாது. எப்படி முடிந்தாலும், அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.