வாசகர் கேள்வி: தோட்டம்

காரைக்குடி வாசகி ஒருத்தர் கேட்ருக்காங்க: பின்கட்டுல 20 தொட்டி வச்சிருக்கேன், 200 லிட்டர் டிரம்ல பைப் சொருகி ஓட்ட போட்டு விட்டா முதல் நாலு தொட்டில கொட்டுது, கடைசி தொட்டில சொட்டு கூட வரல. பத்து நாள் மகன் வீட்டுக்குப் போகணும், என்ன செய்யட்டும்?

ஆச்சி, தப்பு உங்க கையில இல்ல, பிரஷர் பத்தல. டிரம்ம 1 மீட்டர் உயரத்துல வச்சாலும் 0.1 பார் பிரஷர்தான் கிடைக்கும், அதுக்கு வெறும் ஓட்ட சமமா விடாது. மெடிக்கல்ல குளுகோஸ் ஏத்துற டிரிப் செட் கிடைக்கும்ல, அதுல தொட்டிக்கு ஒண்ணு வாங்குங்க, 16 எம்எம் கருப்பு பைப்ல துளை போட்டு ரப்பர் வாஷரோட சொருகி, சக்கரத்த உருட்டி நிமிஷத்துக்கு 14 சொட்டு விழற மாதிரி வைங்க. 20 சொட்டு ஒரு மில்லி, அப்ப ஒரு நாளைக்கு தொட்டிக்கு ஒரு லிட்டர், 20 தொட்டிக்கு 20 லிட்டர், டிரம் கிட்டத்தட்ட பத்து நாள் தாங்கும். தண்ணி குறையக் குறைய சொட்டும் மெதுவாகும், அதனால கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஓடவிட்டு எண்ணிப் பாத்துட்டு, கிளம்பும்போது டிரம்ம ரொப்பிடுங்க.

நிறைஞ்ச டிரம் 200 கிலோவுக்கு மேல, ஸ்டூல் வேணாம், செங்கல் மேடை கட்டுங்க. போர் தண்ணில உப்பு படிஞ்சு அடைக்கும், முற்றத்துல பிடிச்ச மழத்தண்ணிய வேட்டித்துணில வடிகட்டி ஊத்துனா நல்லது. குழாய அடியிலருந்து ரெண்டு இன்ச் மேல வைங்க, கசடு கீழயே தங்கிடும். டிரம்ம இறுக்கி மூடுங்க, கொசு வந்துரும், ஆனா மூடில ஊசித்துளை ஒண்ணு விடுங்க, காத்து போகலன்னா சொட்டு நின்னுடும்.