எருக்குழியும் சூரியனும்: வாசகர் கேள்விகள்

சூரியனில் ஆக்சிஜன் கிடையாதே, பிறகு எப்படி எரிகிறது? (பள்ளி மாணவி, ஓசூர்)

எரியவே இல்லை, கண்ணு. விறகு எரிவது வேதிவினை. அதற்குத்தான் ஆக்சிஜன் வேண்டும். சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து ஆக்சிஜனும் கிடைத்திருந்தால்கூட, இப்போது தரும் வெளிச்சத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். அதன் வயதோ 460 கோடி ஆண்டுகள். அங்கே நடப்பது அணுக்கரு இணைவு. ஹைட்ரஜன் கருக்கள் நான்கு, படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன.

சூரியன் எடை குறைந்துகொண்டே வருகிறதாமே?

ஆமாம். நான்கு ஹைட்ரஜனைவிட ஒரு ஹீலியம் சுமார் 0.7 சதவீதம் எடை குறைவு. இதை ஆஸ்டன் என்ற விஞ்ஞானி 1920-இல் அளந்து சொன்னார். காணாமல்போன அந்தத் துளிதான் வெயிலாக வருகிறது என்று அதே ஆண்டில் வானியலாளர் எடிங்டன் ஊகித்துவிட்டார். இன்றைய கணக்கில், நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாகிப் போகிறது. பயப்பட வேண்டாம். பிறந்ததிலிருந்து இப்படிக் கரைந்தது மொத்த எடையில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்குதான்.

அப்படியானால் ஹைட்ரஜன் குண்டுபோல ஒரேயடியாக வெடிக்காதது ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. சூரியன் மகா சோம்பேறி என்பதுதான் பதில்.

மையத்தில் ஒரு கன மீட்டர் வெட்டி எடுத்தால் 150 டன் இருக்கும். அது தரும் சக்தி 280 வாட்டுக்குள்தான். பழைய சீலிங் ஃபேன் நான்கு ஓட்டலாம், அவ்வளவே. மார்கழி விடியலில் எங்கள் வீட்டு எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கும், உள்ளே கை வைத்தால் சுடும். அளவுக்கு அளவு பார்த்தால் சூரியனின் மையமும் கிட்டத்தட்ட அந்த எருக்குழிதான். கிலோவுக்குக் கிலோ பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் நீங்களே சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிக வெப்பம் தருகிறீர்கள். குவியல் அவ்வளவு பெரிது என்பதால்தான் நமக்கு வெயில் உறைக்கிறது.

ஏன் இந்தச் சோம்பல்? புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் கருக்கள், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடுப்பை ஏறித் தாண்ட மையத்தின் ஒன்றரைக் கோடி டிகிரியே போதாது. அணுவுலகின் குவாண்டம் விதிப்படி எப்போதாவது ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. 1928-இல் இயற்பியலாளர் காமோவ் காட்டிய இந்தத் துளைத்தலை அடுத்த ஆண்டே அட்கின்சனும் ஹௌட்டர்மன்ஸும் விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். துளைத்தாலும் போதாது. சந்திக்கும் அந்தக் கணத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால்தான் இரண்டும் ஒட்டும். அது அத்தனை அபூர்வம். மையத்திலுள்ள ஒரு புரோட்டான் இதற்காகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது.

தவிர, மையம் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் விரியும், விரிந்தால் குளிரும், இணைவு மட்டுப்படும். அயர்ன் பாக்ஸின் தெர்மோஸ்டாட் மாதிரி.

சூரியனுக்கு ஒன்றரைக் கோடி டிகிரி போதும்போது, பிரான்ஸில் கட்டும் ஐடெர் என்ற இணைவு உலைக்கு 15 கோடி எதற்கு?

சூரியனின் சோம்பல் நமக்குக் கட்டுப்படியாகாது. அந்த நெருக்கத்தைத் தரும் ஈர்ப்பும் நம்மிடம் இல்லை. அதனால் சூட்டைக் கூட்டுகிறோம். புரோட்டானை விட்டுவிட்டு, சீக்கிரம் இணையும் கனமான ஹைட்ரஜன் வகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம் இரண்டையும் எடுக்கிறோம். அந்த உலையைச் சுற்றியுள்ள ராட்சத உறையான கிரையோஸ்டாட்டின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் செய்யப்பட்டவை.

சூரிய நியூட்ரினோ உடம்புக்குள் புகுந்தால் ஆபத்தா? (தேனி வாசகர்)

நியூட்ரினோ என்பது அந்த இணைவில் பிறக்கும் மிகச் சின்னத் துகள். இதைப் படிக்கும்போதே புகுந்துகொண்டிருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி. எதையும் தொடாமல் போய்விடும், ஆபத்தில்லை. மையத்தில் பிறந்த ஆற்றல் ஒளியாக மேற்பரப்புக்கு வந்துசேர ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். நியூட்ரினோவோ எட்டே நிமிடத்தில் இங்கே வந்துவிடும்.

அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் விஞ்ஞானி ரே டேவிஸ் சுமார் 3.8 லட்சம் லிட்டர் டிரை கிளீனிங் திரவத்தை நிரப்பி இவற்றைப் பிடித்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது. தொட்டியில் கோளாறு, இல்லை சூரியக் கணக்கே தப்பு என்று முப்பது ஆண்டுகள் சண்டை. இரண்டுமே சரிதான், நியூட்ரினோக்கள்தான் வழியில் தொட்டியில் சிக்காத வகைகளாக மாறிவிட்டன என்று 2001, 2002-இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியது. டேவிஸுக்கு 2002-இல் நோபல் கிடைத்தது.

ராத்திரியிலும் வரவு குறையாது. அப்போது பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வரும்.