எடை அப்படியே இருக்கிறது, தசை எங்கே போனது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பத்து வருடமாக எடை 58 கிலோவிலேயே நிற்கிறது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.7, எல்லாம் நார்மல் என்கிறார்கள். முட்டை, பருப்பு கூட்டிக் கொடுக்கலாமா? சிறுநீரகம் கெட்டுவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: எடை மெஷினுக்குக் கிலோ மட்டும்தான் தெரியும். அந்தக் கிலோவில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. எழும் பலம் போயும் 58 அசையவில்லை என்றால், தசை விட்டுப்போன இடத்தில் வேறு சரக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்றே சந்தேகிப்பேன்.

கறி சமைப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இளங்கறி குக்கரில் சட்டென்று வெந்துவிடும். முற்றல் கறி எத்தனை விசில் விட்டாலும் பல்லில் மாட்டும். இரண்டும் ஆட்டுத் தொடைதான், ஆனால் சேர்மானம் வேறு. தசை நார்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் கொலாஜன் என்ற புரதம் வயதாக ஆக ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. ரத்தச் சர்க்கரையும் அதில் ஒட்டி இறுக்கத்தைக் கூட்டும், நீரிழிவு இருந்தால் இன்னும் அதிகமாக. மனிதத் தொடையிலும் நடப்பது இதுதான்.

இளவயதுத் தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். வயதாகும்போது சுருங்கி இழுக்கிற புரதம் குறைகிறது. நார்களுக்கு நடுவிலும் நார்களுக்குள்ளும் கொழுப்பு படிகிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் குறைய, வெளியில் இருப்பதன் பங்கு ஏறுகிறது. அதனால் கால் பார்வைக்குப் பழைய பருமனில் இருந்தாலும் வேலை செய்யும் பொருள் குறைந்திருக்கும். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கிறது, எனவே உடலின் மொத்தப் பொட்டாசியமும் இறங்குகிறது. (நம் எல்லோர் உடம்பிலும் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணுக்கள் கொஞ்சம் உண்டு. ஆளை ஒரு கருவிக்குள் படுக்கவைத்து அந்தக் கதிரை எண்ணியே தசையை மதிப்பிட்டிருக்கிறார்கள்.)

தசை நார்களில் முதலில் மெலிவது சட்டெனச் சுருங்கும் வேக நார்கள். தரையிலிருந்து எழவும், தடுக்கும்போது சட்டெனக் காலை ஊன்றவும் அவைதான் வேண்டும். நடைக்கு உதவுகிற, மெதுவாகச் சுருங்கும் நார்கள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் தெருமுனைக் கோயில்வரை நடந்துவரும் பலரும் தரையிலிருந்து எழத் திணறுகிறார்கள்.

சரி, கிரியேட்டினின். உடலில் கிரியேட்டின் என்று வேறொரு பொருள் உண்டு, அதில் சுமார் 95 சதவீதம் தசையில் இருக்கிறது. அது தினமும் கொஞ்சம் சிதைந்து கிரியேட்டினினாக ரத்தத்துக்கு வரும், சிறுநீரகம் அதை வெளியேற்றும். தசையே குறைந்துபோனால் கிரியேட்டினின் வரத்தும் குறையும். சிறுநீரகம் சுமாராக இருந்தாலும் ரிப்போர்ட் அழகாகத் தெரியும். அம்மாவின் 0.7-ஐ நான் கெட்ட செய்தி என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். சிறுநீரகத்தைப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி தசை அளவை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் புரதத்துக்குப் பயப்பட வேண்டாம். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், அதாவது அம்மாவுக்கு நாளொன்றுக்கு 58 முதல் 70 கிராம். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்றால் அதை எட்டுவது கஷ்டம். இன்னொன்று, வயதான தசைக்குக் கொஞ்சம் காது மந்தம். துளித்துளியாகக் கொடுத்தால் கேட்காது, ஒரு வேளைக்குச் சுமார் 25 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. சாம்பாரை விடக் கெட்டிப் பருப்பும் சுண்டலும் மேல்.

ஆனால் உடற்பயிற்சி இல்லாமல் முட்டை மட்டும் போட்டால் பலன் சொற்பம். நடைப்பயிற்சியும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும். 1990-இல் பாஸ்டனில் 90 வயதையொட்டிய முதியோருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு கூடியதோ 9 சதவீதம்தான். தசை பெருப்பதற்கு முன்பே, இருக்கிற தசை நன்றாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

சுவரோரம் ஒரு நாற்காலி போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய சார்கோபீனியா (வயதில் தசை மெலிவது) குழுவின் 2019 அளவுகோல்படி உடலின் செயல்திறன் குறைவுதான். அந்தப் பரீட்சையையே பயிற்சியாக்குங்கள்: பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். சுலபமானதும் கையில் தண்ணீர் பாட்டில். முட்டிவலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடமும், நெஞ்சு படபடப்பு இருந்தால் மருத்துவரிடமும் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி நேரம் பாருங்கள்.

இந்தத் தளர்ச்சி சில வாரங்களிலேயே வந்ததென்றால் வயதின் மேல் பழி போடாமல் தைராய்டு, வைட்டமின் டி பார்க்க வேண்டும். கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.